லேசர் நட்சத்திரம் இல்லைங்க

போன மாசம் காலேஜ் பசங்க நாலு பேர் சேர்ந்து காவலூர் போயிருந்தோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறினா, சந்தன மரம், புளிய மரம், வளைவுன்னு போய் திடீர்னு ஒரு வெள்ளை டோம் தலையை நீட்டும். வைணு பாப்பு வானாய்வகம். உள்ளே இருக்கிறது 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. டோமுக்குக் கீழே கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒளியியல் டிசைன் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருத்தன் ரொம்ப சாதாரணமா ஒன்று சொன்னான்.

"மச்சி, எனக்கு ஆபீஸ்ல இதுதான்டா வேலை. நட்சத்திரம்னாலும் சரி, லேசர்னாலும் சரி, சாஃப்ட்வேர்ல ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுமே பேரலல் ரேஸ். இன்ஃபினிட்டின்னு போட்டுட்டு ஓட்ட வேண்டியதுதான்."

அங்கேயே சண்டை போட்டிருப்பேன். சுற்றிலும் ஸ்கூல் பிள்ளைங்க இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாக்கியம் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. இங்கே துப்பிவிடுகிறேன்.

நான் பொட்டி தட்டுகிறவன். ஒளியியல் படித்தவன் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் மூன்று மாசம் என் தலை உருண்டது. அதனால் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கதை பின்னால் வருகிறது.

முதலில் நண்பன் பக்கம் இருக்கிற நியாயம். நட்சத்திரத்துக்கு அவன் சொன்னது சரி. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஒளி அலை, பூமிக்கு வரும்போது தட்டையான விரிப்பு மாதிரி வருகிறது. பூமியைவிட அகலமான விரிப்பு. காவலூர் கண்ணாடி அதில் 2.34 மீட்டர் வட்டத்தை மட்டும் கத்திரித்து எடுத்துக்கொள்கிறது. அந்த வட்டத்துக்குள் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஒளி. கதிர்களை இணையாக வரைந்து, கண்ணாடியில் மோதவிட்டு, எங்கே சேருகிறது என்று பார்த்தால் போதும். குவியும் புள்ளி எவ்வளவு சின்னது என்பதைக் கண்ணாடியின் விளிம்புதான் முடிவு செய்கிறது. கணக்குப் போட்டால் பச்சை ஒளிக்கு சுமார் 0.06 ஆர்க் செகண்ட். ஆனால் மேலே இருக்கிற காற்று நடுங்கி நடுங்கி அதை ஒன்றிரண்டு ஆர்க் செகண்டுக்கு ஊதிவிடும். அதாவது ஒளி அலையாக இருப்பதால் வரும் பிசிறு, காற்றால் வரும் பிசிறுக்குள் ஒளிந்துகொள்கிறது. கதிர் கணக்கு பொய் சொன்னாலும் மாட்டிக்கொள்ளாது. காற்று காப்பாற்றிவிடும்.

இப்போது லேசர். இதை யாரும் கத்திரிப்பதில்லை. லேசர் தன் அகலத்தைத் தானே கொண்டுவருகிறது. நடுவில் பிரகாசம் அதிகம், ஓரத்துக்குப் போகப் போக மெதுவாகக் குறையும். மணி கவிழ்த்தது போன்ற அந்த வடிவத்துக்குப் பேர் காஸியன். அந்தக் கற்றைக்கு எங்கேயோ ஓரிடத்தில் இடுப்பு உண்டு. அங்கேதான் மிக ஒல்லி. அதற்கு அப்புறம் விரியத்தான் செய்யும். விரியாத லேசர் உலகத்தில் கிடையாது. எவ்வளவு விரியும் என்பதற்கு ஒரே வரிக் கணக்கு: அலைநீளத்தை, பை பெருக்கல் இடுப்பின் ஆரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வருவது ரேடியனில் அரைக்கோணம். இடுப்பு எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு வேகமாக விரியும்.

ஒரு உதாரணம். காலேஜ் லேபில் இருக்குமே ஹீலியம் நியான் லேசர், சிவப்பு, 632.8 நானோமீட்டர். இடுப்பின் ஆரம் 0.4 மிமீ என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அரைக்கோணம் 0.5 மில்லிரேடியன். 10 மீட்டர் தள்ளிப் போய்ப் பார்த்தால் கற்றையின் ஆரம் 5 மிமீ. கிளம்பும்போது 0.8 மிமீ விட்டம், போய்ச் சேரும்போது 10 மிமீ விட்டம். பன்னிரண்டு மடங்குக்கு மேல். இதையே சாஃப்ட்வேரில் "பேரலல் ரேஸ்" என்று போட்டால்? 10 மீட்டரிலும் 0.8 மிமீ. 10 கிலோமீட்டரிலும் 0.8 மிமீ. நிலாவுக்கே போனாலும் 0.8 மிமீ. எறும்பு வரிசை தப்பாமல் போகிற மாதிரி கதிர்கள் போய்க்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி ஆலங்காயத்தில் தங்கியிருந்த வீட்டு மொட்டைமாடியில் இதை நிரூபிக்கிறேன் பேர்வழி என்று பச்சை லேசர் பாயிண்டரை எடுத்தோம் (வானத்தைப் பார்த்து அடிக்கவில்லை, திட்டாதீர்கள்). சுமார் 30 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவர். ஆள் நடமாட்டம் இல்லை. பாயிண்டர் வாயில் அரிசி முனை அளவு இருந்த ஒளி, அந்தச் சுவரில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு விழுந்தது. 532 நானோமீட்டர், அரை மிமீ இடுப்பு ஆரம் என்று போட்டால் 30 மீட்டரில் விட்டம் 20 மிமீ வரவேண்டும். காகிதத்தில் போட்ட கணக்கும் சுவரும் ஒத்துப்போயின. நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிடா, சீப் பாயிண்டர்" என்றான். என்னத்த சொல்ல!

விரிவதோடு நின்றால்கூட மன்னிக்கலாம். லென்ஸ் வழியாக அனுப்பும்போதுதான் கூத்து.

அதே 0.4 மிமீ கற்றையை 100 மிமீ குவியத் தூரமுள்ள லென்ஸில் விடுங்கள். குறையில்லாத லென்ஸ் என்றால் கதிர் கணக்கில் எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் சேரும். ஸ்பாட் அளவு பூஜ்யம். ரிப்போர்ட்டில் நடுவில் ஒரு குட்டிப் புள்ளி, கீழே "எக்ஸலண்ட்". நிஜத்தில் அந்த இடத்தில் இருப்பது 50 மைக்ரான் ஆரம், 100 மைக்ரான் விட்டம். தலைமுடி தடிமனுக்குக் கிட்டத்தட்ட சமம். அதே குவியத் தூரத்தில் இதைச் சின்னதாக்க வேண்டுமென்றால் இன்னும் நல்ல லென்ஸ் போட்டுப் பிரயோஜனமில்லை, கற்றையை முதலில் பத்து மடங்கு அகலமாக்க வேண்டும். அப்போதுதான் 5 மைக்ரான் ஆரம் வரும். அகலமாக்கினால்தான் ஒல்லியாகும் என்பதை ஸ்பாட் படம் ஒருநாளும் சொல்லாது. அதைப் பொறுத்தவரை எல்லாமே பூஜ்யம்.

இன்னொன்று. ஒரு புள்ளி விளக்கை லென்ஸின் முன் குவியத்தில் வைத்தால் பிம்பம் எங்கே? பத்தாம் கிளாஸ் பையனைக் கேட்டாலும் சொல்வான், முடிவிலியில். சரி. லேசரின் இடுப்பை அதே இடத்தில் வைத்தால் புது இடுப்பு எங்கே வரும்? லென்ஸின் பின் குவியத்தில்! முடிவிலியில் இல்லை, 100 மிமீயில். இந்தக் கணக்கு புதுசும் இல்லை, ரகசியமும் இல்லை. கோகல்னிக், லீ என்று இரண்டு பேர் 1966லேயே லேசர் கற்றைகளையும் அவை பிறக்கும் அறைகளையும் பற்றிக் கட்டுரை எழுதி, கற்றையை லென்ஸ் லென்ஸாக எப்படிக் கடத்துவது என்று விளக்கி வைத்துவிட்டார்கள். நாலு எண்கள் கொண்ட அணி, கொஞ்சம் கலப்பெண். பைத்தானில் இருபது வரி. கேட்டால் சாஃப்ட்வேரும் தரும். ஆனால் கேட்க வேண்டும்.

சரி, ஏன் கேட்க மாட்டேனென்கிறார்கள்? எனக்குத் தோன்றும் காரணம் நம் முதல் வருஷ பிசிக்ஸ். லேசரின் பண்புகள் யாவை, இரண்டு மதிப்பெண். ஒருநிறத்தன்மை, ஓரியல்புத்தன்மை, திசைத்தன்மை, செறிவு. நாலையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். "திசைத்தன்மை" என்று எழுதினால் அரை மார்க். எத்தனை மில்லிரேடியன் என்று யாரும் கேட்டதில்லை. அதனால் லேசர் விரியாது என்று மனசில் பதிந்துவிட்டது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் லேபில் நாம் செய்தது என்ன? கண்ணாடித் தகட்டில் லைகோபோடியம் பொடியைத் தூவி லேசரை விட்டு, திரையில் விழும் வட்டங்களை அளந்து பொடியின் அளவைக் கண்டுபிடித்தோம். கிரேட்டிங் வைத்து அலைநீளம் கண்டுபிடித்தோம். அந்த இரண்டு சோதனையுமே லேசர் அலை என்பதால்தான் நடக்கிறது. கதிர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வட்டமும் வராது. அலையை அளந்து ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டு, நாலு வருஷம் கழித்து ஆபீஸில் உட்கார்ந்து "பேரலல் ரேஸ்" என்று தட்டுகிறோம். ஙே!

இப்போது என் கதை. (கொசுவத்தி சுருள் சுற்றிக்கொள்ளவும்.)

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். பிளாஸ்டிக் ஃபிலிம் ஓடிக்கொண்டே இருக்கும்போது அதன் வழியே எவ்வளவு ஒளி போகிறது என்று லேசரால் அளக்கும் ஒரு கருவி. லேசர் டயோடு, அதற்கு முன்னால் தூசி படாமலிருக்க 3 மிமீ கண்ணாடித் தகடு, அப்புறம் ஃபிலிம், அப்புறம் டிடெக்டர். அவ்வளவுதான். டிசைன் டீம் தந்த ரிப்போர்ட் அறுபது பக்கம். கலர் கலராகக் கதிர்கள். கண்ணாடித் தகட்டின் பிரதிபலிப்பையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் 4 சதவீதம் ஒளியைத் திருப்பும். உள்ளே இரண்டு முறை திரும்பி வெளியே வருவது 4 சதவீதத்தில் 4 சதவீதம், அதாவது 0.16 சதவீதம். "நெக்லிஜிபிள்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

கருவி வந்தது. ஃபிலிமே இல்லாமல் ஓட்டினால் 100 காட்ட வேண்டும். 92 காட்டும். பத்து நிமிஷம் கழித்து 107. அப்புறம் 98. ஏசி போட்டால் ஒரு மாதிரி, நிறுத்தினால் ஒரு மாதிரி. மீட்டிங். ஆப்டிக்ஸ் சரி, ரிப்போர்ட் இருக்கிறது. மெக்கானிக்கல் சரி, டிராயிங் இருக்கிறது. மிச்சம் யார்? பொட்டி தட்டுகிறவன். "உங்க கோட்ல நாய்ஸ் இருக்கு தம்பி. ஆவரேஜிங் போடுங்க" என்றார் டமேஜர். போட்டேன். 16 அளவீட்டுக்குச் சராசரி. அப்புறம் 64. அப்புறம் 1024. அப்புறம் வெப்பநிலைக்கு ஒரு திருத்த அட்டவணை. மூன்று மாசம். கடைசியில் எண் அசையாமல் நின்றது. ஃபிலிமில் நிஜமாகவே ஓட்டை வந்தாலும் அசையாமல் நின்றது. அவ்வ்வ்வ்.

மாட்டியது எப்படி என்றால், வேறு வேலையாகக் கண்ணாடி வெட்டித் தருகிற ஒரு பெரியவர் வந்திருந்தார். தகட்டை விரலில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு முகமும் சமமா இருக்கே தம்பி, லேசருக்கு இது ஆகாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதில் இருக்கிற பிசிக்ஸ் இதுதான். கதிர் கணக்கில் ஒளியின் சக்தியைக் கூட்டுகிறோம். 100 உடன் 0.16 கூட்டினால் 100.16. ஆனால் லேசரில் சக்தியைக் கூட்டக்கூடாது, அலையின் வீச்சைக் கூட்ட வேண்டும். வீச்சு என்பது சக்தியின் வர்க்கமூலம். 0.0016க்கு வர்க்கமூலம் 0.04. ஒன்றோடு 0.04ஐக் கூட்டியும் கழித்தும் வர்க்கப்படுத்துங்கள். ஒருபக்கம் சுமார் 1.08, இன்னொரு பக்கம் சுமார் 0.92. ரிப்போர்ட் 0.16 சதவீதம் என்று ஒதுக்கியது, நிஜத்தில் கூட்டல் கழித்தல் 8 சதவீதம். ஐம்பது மடங்கு! மேலே 108, கீழே 92. என் திரையில் மூன்று மாசம் ஆடியது அதே எண். கூட்டலா கழித்தலா என்பதை அலைநீளம் முடிவு செய்கிறது. சிவப்பு டயோடு சூடேறினால் டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் நகரும். 3 மிமீ கண்ணாடிக்குள் போய்வரும் பாதையில் அது நாலு முறை ஏறி இறங்கப் போதும், ஒரே ஒரு டிகிரிக்கு. ஏசி ரிமோட்டைத் தொட்டால் ஏன் ஆடியது என்று புரிகிறதா?

தகட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தோம், போதவில்லை. இணையான முகங்களைச் சாய்த்தாலும் இரண்டு கற்றையும் இணையாகத்தான் வெளியே வருகின்றன. அரை டிகிரி ஆப்பு மாதிரி தேய்த்த கண்ணாடி போட்டதும் நின்றது. இரண்டு கற்றையும் கோணம் பிரிந்து, வரிகள் 25 மைக்ரான் அளவுக்கு நெருங்கி, டிடெக்டர் பரப்பிலேயே அவை சமன் ஆகிவிட்டன. என் ஆவரேஜிங் அத்தனையும் டெலீட். டமேஜர் "குட்" என்றார். யாரும் ரிப்போர்ட்டைத் திருத்தவில்லை. அறுபது பக்கமும் இன்னும் அங்கேதான் இருக்கும், "நெக்லிஜிபிள்" உட்பட.

இதனால்தான் காவலூரில் எனக்கு அவ்வளவு வலித்தது. ஏனென்றால் அந்த மலைக்கு இன்னொரு கதை இருக்கிறது. 1972ல் அங்கே வைத்த 1 மீட்டர் ஜெர்மன் தொலைநோக்கி, கார்ல் ஜெய்ஸ் செய்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று கணக்கு சொல்லியிருந்தது. மறைக்கும் நேரத்தை அளக்கக் காத்திருந்தார்கள். ஆனால் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே நட்சத்திரம் சட்டென்று மங்கித் திரும்பி வந்தது. கணக்கில் இல்லாத மங்கல். பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை "நாய்ஸ்" என்று தள்ளவில்லை. யுரேனஸுக்குப் புதுத் துணைக்கோளாக இருக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே நிகழ்வை அமெரிக்கர்கள் பறக்கும் விமானத்தில் வைத்த தொலைநோக்கியால் பார்த்து, கிரகத்துக்கு இரண்டு பக்கமும் அதே மாதிரி மங்கல் வருவதைக் கண்டு, அவை வளையங்கள் என்றார்கள். யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தது அப்படித்தான். விளக்கம் முதலில் பிசகியது, பரவாயில்லை. பதிவு நின்றது. அன்றைக்கு காவலூரில் என் டமேஜர் இருந்து "1024க்கு ஆவரேஜ் போடுங்க" என்று சொல்லியிருந்தால் அந்தச் சில விநாடி மங்கல் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

கணக்குக்கு ஒத்துவராததை அழிக்காதே, அதுதான் செய்தி. அந்த மலை எனக்குச் சொன்னது இது.

இப்போது எதிர்க்கட்சி வாதங்கள். நண்பன் ஆலங்காயம் மொட்டைமாடியில் சொன்னவை எல்லாம் நினைவிருக்கிறது.

"சாஃப்ட்வேர்ல காஸியன்னு ஒரு ஆப்ஷன் இருக்குடா, அதைத்தான் போடுறோம்." இருக்கிறது. கதிர்களுக்கு எடை போடும் ஆப்ஷன் அது. நடுக் கதிருக்கு அதிக எடை, ஓரக் கதிருக்குக் கம்மி எடை. அலைக் கணக்கில் புள்ளியின் வடிவத்தைக் கேட்டால் அந்த எடை சரியாக வேலை செய்யும். ஸ்பாட் படத்தைக் கேட்டால்? எடை போட்டாலும் கதிர் கதிர்தான். அதே பூஜ்யம்.

"எங்க டூல் ரொம்ப காஸ்ட்லி, அதுவே பார்த்துக்கும்." இதுதான் ஆபத்தான வாதம். ஜெமாக்ஸ் ஆப்டிக்ஸ்டுடியோவில் பிசிக்கல் ஆப்டிக்ஸ் என்று அலையாகவே கடத்தும் பகுதி தனியாக இருக்கிறது. கோட் வியில் கற்றையைச் சின்னச் சின்னக் கற்றைகளாகப் பிரித்துக் கடத்தும் முறை இருக்கிறது. எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. எங்கே கதிர் போதும், எங்கே போதாது என்று கையேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். படிக்காதது நாம். பந்தி பரிமாறத் தயாராக இருந்தும் பட்டினி கிடந்துவிட்டுச் சமையல்காரனைத் திட்டக்கூடாது.

"டேட்டாஷீட்ல இருக்கிற எண்ணைத்தானே போட்டோம்." அங்கேயும் ஒரு பள்ளம். லேசர் டயோடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரியாது. ஒரு திசையில் 30 டிகிரி, குறுக்கே 10 டிகிரி என்று நீள்வட்டமாக விரியும். அந்த 30 என்பது பிரகாசம் பாதியாகும் இடத்துக்கான முழுக்கோணம். சாஃப்ட்வேர் பெட்டி கேட்பது பெரும்பாலும் 13.5 சதவீதமாகும் இடத்துக்கான அரைக்கோணம். மாற்றினால் முழுக்கோணம் சுமார் 51, அரைக்கோணம் 25.5. பெட்டியில் 30 போட்டவனும் உண்டு, 15 போட்டவனும் உண்டு. 25.5 போட்டவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. :-)

"எல்லாத்துக்கும் அலைக் கணக்குப் போட்டா வேலை முடியுமா?" நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் வேண்டாம். லென்ஸ் எங்கே உட்காரும், கற்றை எங்கே திரும்பும், சிதறல் ஒளி எந்தச் சுவரில் படும், இதற்கெல்லாம் கதிர் போதும். தடித்த ஃபைபரிலிருந்து பல மோட் கலந்து வரும் லேசருக்கும் பெரும்பாலும் போதும். குவியும் இடம், இடுப்பு, தூரத்தில் அகலம், இணையான கண்ணாடி முகங்கள், இந்த நாலு இடத்தில் மட்டும் கதிரை நம்பாதே. நான் கேட்பது அவ்வளவே.

இது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 1990 ஏப்ரலில் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கி. ஜூனில் படம் மங்கல். கண்ணாடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. காரணம், கண்ணாடியைச் சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மிமீ தள்ளி உட்கார்ந்திருந்தது. ஏன் தள்ளி? இடைவெளியை அளந்த லேசர் ஒளி, அளவுகோல் முனையில் பட்டுத் திரும்புவதற்குப் பதில், மூடியில் கறுப்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் பட்டுத் திரும்பியது. வேறு இரண்டு சோதனைகள் "தப்பு இருக்கு" என்று கத்தின. அந்தக் கருவிகள் அவ்வளவு துல்லியமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தினார்கள். லேசர் எங்கே பட்டுத் திரும்புகிறது என்று ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. அழகான ஒரு எண்ணை நம்பினார்கள்.

காவலூரின் 2.34 மீட்டர் கண்ணாடியைத் தேய்த்து உருவம் கொடுத்தது பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். தேய்ப்பது, சோதிப்பது, திரும்பவும் தேய்ப்பது. அதற்குக் கனவு கண்ட வைணு பாப்பு 1982லேயே போய்விட்டார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து தொலைநோக்கியைத் திறந்து அவர் பேரையே வைத்தார். கலர் கலராகக் கதிர் வரைந்து தரும் மென்பொருள் மேஜைக்கு மேஜை இல்லாத காலம். கண்ணாடி சொன்னதைக் கேட்டு வேலை செய்தார்கள். நம்மிடம் எல்லாம் இருக்கிறது, கேட்கும் காதுதான் இல்லை.

கடைசியாக, லேசர் சம்பந்தப்பட்ட எந்த ரிப்போர்ட்டாக இருந்தாலும் முதல் பக்கத்தில் நாலு வரி கையால் எழுதச் சொல்லுங்கள். இடுப்பு எங்கே, ஆரம் எவ்வளவு? விரிவு எத்தனை மில்லிரேடியன்? லென்ஸின் விட்டம் கற்றையின் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு? (சமமாக வைத்தால் 13.5 சதவீத சக்தி ஓரத்தில் வெட்டுப்பட்டு வட்ட வட்டமாகக் கறை வரும், ஒன்றரை மடங்கு வைத்தால் நஷ்டம் ஒரு சதவீதம்தான்.) வழியில் இணையான முகங்கள் எத்தனை? ஒரு கால்குலேட்டர், ஒரு பேனா, அரை மணி நேரம். இந்த நாலு வரி இல்லாத அறுபது பக்கம் கோலப் புத்தகம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி ஆடினால் உடனே பொட்டி தட்டுகிறவனைக் கூப்பிட்டு ஆவரேஜ் போடச் சொல்லாதீர்கள். அவன் போட்டுவிடுவான். அதுதான் பிரச்சனை. எந்தத் தப்பையும் அழகாக மூடிவைக்க எங்களுக்குத் தெரியும், அதற்குத்தான் சம்பளமே.

போன வாரம் நண்பன் போன் பண்ணினான். ஏதோ ப்ராஜெக்டில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறதாம். "மச்சி, அந்த 8 பர்சென்ட் கணக்கு எப்படி வந்துச்சு, இன்னொரு தடவை சொல்லு" என்றான். சொன்னேன். மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

டிஸ்கி: நான் ஆப்டிக்ஸ் நிபுணன் இல்லை. எண்கள் எல்லாம் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடியவை, போட்டுப் பாருங்கள். லேசர் பாயிண்டரைக் கண்ணில், வண்டியில், விமானத்தில் அடிக்காதீர்கள். காவலூர் போனால் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ராத்திரி குளிருது.